பின்னால் ரோட்டு டயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்பா நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு வயதான நான் எல்லோர் காலிலும் இடறிக்கொண்டிருந்தேன். அத்தையைப் பெண் பார்க்கக் குத்தம்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அவர்கள் ஆவடியில் எங்கள் வாசற்படி ஏறியாக வேண்டும். நாலு நாளாகக் கொட்டிய ஐப்பசி மழை அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் வேலை. எங்கள் குடும்பத்தில் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். மாப்பிள்ளை வீட்டில் நிலம் இருந்தது, மாடு இருந்தது, ஒரு நிபந்தனையும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. அதற்கென்ன, நின்றுவிடுவாள் என்று அப்பாவும் சித்தப்பாவும் சொல்லியனுப்பிவிட்டார்கள். அத்தையைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அந்த வீட்டில் நான் ஒட்டுக் கேட்காத பேச்சே கிடையாது.

அவர்களை அழைத்துவரும் பொறுப்பு சித்தப்பாவுடையது. ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஜீப்பை அவர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகத்தான் அது வந்தது. பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்று முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். நாலு சக்கரத்திலும் பட்டன் டயர், அதாவது கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் சேற்று டயர். எந்தச் சேற்றிலும் ஏறிவிடும். ஆனால் தார் ரோட்டில் அது போடும் சத்தத்தில் பின்னால் உட்கார்ந்தவர்கள் சைகையில்தான் பேசிக்கொள்ள வேண்டும். அதற்காகப் பூந்தமல்லியில் ஒரு ஜோடி பழைய ரோட்டு டயர் வாங்கி வைத்திருந்தார். குத்தம்பாக்கம் போகப் பாதி தூரத்துக்கு மேல் தார் ரோடு, கடைசியில் சேறு. எதை மாட்டுவது? காலையிலிருந்து இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டிவிட்டார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி யோசனை கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

எனக்குத் தலை பின்னிவிடும்போது அத்தை காதோரமாகச் சொன்னாள். "ஜீப்புல பின்னாடி குந்தினா காது இன்னா பாடு படுதுன்னு சித்தப்பா கிட்ட போய்ச் சொல்லுடி. அந்த மாப்ள அம்மாவுக்கு வயசாச்சு, பாவம்."

நான் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்து, வேண்டியதற்கு மேலேயே சொல்லிவிட்டு வந்தேன். சித்தப்பா ஸ்பானரைக் கீழே போட்டார்.

"ரோட்டு டயரு ரெண்டுதான் கீது. சேத்துல மாட்டிக்கினா நீ வந்து தள்ளுவியா?"

காபியோடு வந்த அத்தை டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு போதும்ணா. அத்தப் பின்னாடி போட்டா குந்துறவங்களுக்கு சத்தம் இருக்காது. பட்டன் டயரு முன்னாடி ஏரு மாதிரி சேத்தக் கிழிச்சி வழி போட்டுக்கினே போவும். பின்னாடி வர்றது அதுலயே ஜம்முனு வந்துடும்."

சின்ன வயதில் ஏர் பிடித்தவர் சித்தப்பா. ஏர் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் டயரை மாற்றிவிட்டு, தனக்கே தோன்றிய யோசனையாக அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் பேசுகிறவர்களை அழைக்க ஆண்பிள்ளை மட்டும் தனியாகப் போனால் மரியாதை இல்லை, வீட்டுப் பெண் ஒருத்தியும் கூடப் போக வேண்டும். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்ததால் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். பூந்தமல்லி, திருமழிசை எல்லாம் பழைய சத்தத்தில் பாதிகூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. மண்பாதையில் வண்டி கொஞ்சம் தள்ளாடியதே தவிர, நாங்கள் இரண்டு பேர்தானே, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல சகுனம் என்றார் சித்தப்பா.

மூன்றரைக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் உறவுக்காரர்கள் நாலு பேரும் ஏறினார்கள். ஊரைத் தாண்டி ஏரிக்கரைப் பள்ளத்தில் இறங்கியதும் பின்பக்கம் சொத்தென்று உட்கார்ந்தது. சித்தப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பட்டன் டயர் போட்ட முன்சக்கரம் இரண்டும் விருந்துக்கு வந்தவை மாதிரி சும்மா இருந்தன. பின்சக்கரம் இரண்டும் சுற்றின, அப்படிச் சுற்றின, சுற்றச் சுற்றப் பள்ளம் தோண்டி அதிலேயே இறங்கின. தள்ளுவதற்கு இறங்கிய மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் நிறம் மாறிவிட்டது.

"அஞ்சு நிமிசம்மா, இதோ எடுத்துடறேன்" என்றார் சித்தப்பா. அதையே ஆறேழு தடவை சொன்னார். நான் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாயிற்று. நாலே காலாயிற்று. காதைப் பொத்திக்கொண்டு ஆடிய ஆட்டம் ஞாபகத்துக்கு வந்தது. நான்தான் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தேன். நாலரை ஆனபோது வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"இன்னாபா இது? பொண்ணு பாக்கப் பொறப்பட்டா வண்டியே நகர மாட்டேங்குது" என்று மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். "நாங்க அப்பால ஆள் வுட்டு அனுப்புறோம்." ஆறு பேரும் வந்த வழியே நடந்தார்கள். ஒரு புண்ணியவான் மாடு பூட்டி ஜீப்பை இழுத்துவிட்டார். ஆள் வரவேயில்லை.

வீட்டில் அப்பா கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அம்மா மூக்கை உறிஞ்சினாள். அத்தை மட்டும் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து மூன்று தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டாள். துக்கம் வந்தால் பசி அதிகமாகும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் மடியில் விழுந்து, "என்னாலதான் அத்தை" என்று அழுதேன். "உன்னால இல்லடி கண்ணு" என்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அவளும் அழுகிறாள் என்று நான் இன்னும் பலமாக அழுதேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு டயரைக் கழற்றினார். வேலைக்குக் கிளம்பி நின்ற அத்தை, ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நட்டை விறுவிறுவென்று முடுக்கியபடி என்னிடம் சொன்னாள்.

"முன்னாடி ஷாஃப்டு பரண்ல கீது இல்ல? அப்ப முன்சக்கரம் சும்மா உருளும், அவ்ளோதான். வண்டியத் தள்றது பின்சக்கரம். சேத்துக்குப் போறப்ப பட்டன் டயரு பின்னாடிதாண்டி இருக்கணும். இது கூடவா தெரியாது?"

கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனைப் பார்த்து அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நேற்றுக் காலையில் அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. ஒரே ராத்திரியில் எப்படிக் கற்றுக்கொண்டாள்? ஒரு நாள் முன்னாலேயே யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் பாவம், அவள் கல்யாணம் நடந்திருக்குமே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வருத்தமாக இருந்தது.