பத்தொன்பது நாள் பழக்கம்

என் மனைவி முதன்முதலாக என்னிடம் பேசியது சண்டை போடுவதற்காக. அவளுடைய அம்மாவுக்கு நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடி மூக்கை அழுத்துகிறது என்று வந்தாள்.

ரங்கூனின் கியாக்டடாப் பேட்டையில், ஸூலே பகோடாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பௌதிகம் படித்தவன். அரசாங்கம் பல்கலைக்கழகத்தை மூடி மூடித் திறந்ததில் பட்டம் கைக்கு வருவதற்குள் இருபத்தாறு வயதாகிவிட்டது. அந்தப் பட்டத்துக்கு வேலை தர யாரும் காத்திருக்கவில்லை. கடை முதலாளி முஸ்லிம் தமிழர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர்தான் "ஒளி, லென்ஸ் எல்லாம் படிச்சவன்தானே, வா" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் அம்மா லத்தாப் பேட்டையில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தார். கண்புரை அறுவை முடிந்திருந்தது. அதற்காக ஆறு வார விடுப்பில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள் அவள். இருபது வயதில் கல்யாணமாகி அங்கே போனவள். அந்தக் கல்யாணம் முறிந்த பிறகும் திரும்பாமல், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியிருந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது அவளுடைய கோபம் மட்டும்தான்.

மூன்று முறை வந்தாள். மூன்றாம் முறை கண்ணாடி சரியாக உட்கார்ந்தது. அம்மா வெற்றிலை வாங்கக் கீழே இறங்கிப் போனார். அவள் போகாமல் நின்றாள்.

"எனக்கு ஒரு தடவை கல்யாணம் ஆகி, விட்டுப்போச்சு. இன்னொரு தடவை செஞ்சுக்கலாம்னு நெனைக்கிறேன். உங்களுக்கு யாரையும் பேசி வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்ப யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு லீவு நாலு வாரம்தான் பாக்கி."

நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். மிஷன் பள்ளியில் படித்தவள், எதையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பவள். "நீ வேணாம்னு சொல்ல வந்திருந்தா இப்படிச் சிரிச்சிக்கிட்டு நிக்க மாட்டே" என்றாள்.

முதல் சண்டையிலிருந்து பத்தொன்பதாம் நாள் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம். அதன் பிறகு பதினோரு நாள் ஒன்றாக இருந்தோம். பன்னிரண்டாம் நாள் அவள் விமானம் ஏறினாள். போன கையோடு எனக்காக மனுப் போட்டாள்.

அதன் பிறகு ஆரம்பித்தது கிண்டல். மனைவியின் பேரில் புருஷன் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பது எங்கள் வட்டாரத்தில் புதுசு. டீக்கடையில் என்னைக் கண்டால் "என்னப்பா, பொண்டாட்டி எப்ப உன்னை அழைச்சிட்டுப் போவாங்க?" என்பார்கள். இது காகிதக் கல்யாணம் என்று கோயிலிலேயே இரண்டு பேர் பேசியதாக அக்கா காதுக்கு வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர்களுக்கே அப்படித் தோன்றினால் தூதரகத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

அந்தப் பயம்தான் என்னை விசா சயாவிடம் கொண்டுபோய் விட்டது. சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார். கியாக்டடாவின் பழைய கட்டடம் ஒன்றில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில், நேர்காணலுக்கு ஆள்களைத் தயார் செய்வதே அவர் தொழில். என் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

"பத்தொன்பது நாளா? பொம்பளை உன்னைவிடப் பெரியவ. ஏற்கெனவே விவாகரத்து ஆனவ. இதை அப்படியே சொன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்."

"அதுதானே நடந்தது, சயா?"

"நடந்ததை யார் கேட்டா? நம்பறாப்பல இருக்கணும். மூணு வருஷமாக் கடிதம் எழுதிப் பழகினீங்கன்னு சொல்லு. கடிதத்துக்கு நான் வழி சொல்றேன்."

வழி சுலபமானதுதான். பழைய தேதி போட்டுக் காதல் கடிதங்கள் எழுத வேண்டும். காகிதத்தைத் தேயிலைச் சாயத் தண்ணீரில் லேசாக நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்ததும் மூன்று வருஷப் பழசாகத் தெரியும். நான் செய்தேன். ஞாயிறு மதியங்களில் உட்கார்ந்து, எனக்கு அறிமுகமே ஆகாத காலத்து அவளுக்குப் பதினாறு கடிதங்கள் எழுதினேன். 'உன் முகம் நிலவு' என்றெல்லாம் எழுதினேன். பால்கனிக் கொடியில் என் லோஞ்சிக் கைலிகளுக்கு நடுவே கடிதங்கள் காய்வதைப் பார்த்து அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு வாக்கியம்கூடச் சொல்லாதது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அலைபேசி அப்போது ரங்கூனில் பெரிய பணக்காரர்களின் சாமான். எங்களுக்குக் கடைத் தொலைபேசிதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கூப்பிடுவாள். பாய் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். ஒரு செவ்வாயன்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"கடிதமெல்லாம் தயார். உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பறேன். கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும் இல்லீங்களா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அந்த மனுஷன்கூட ஒம்போது வருஷம் இருந்தேன்" என்றாள். முதல் கணவனைச் சொல்கிறாள் என்று புரிந்தது. "பொய்யிலேயே இருந்தேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உங்ககூட ஆரம்பமே பொய்யின்னா எனக்கு வேணாம். அந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டு நீங்க அங்க போனா, நான் மனுவை வாபஸ் வாங்கிடுவேன்."

"உண்மையைச் சொன்னா விடமாட்டாங்கன்னு சயா சொல்றாரு."

"விடலைன்னா நான் அங்க வர்றேன். அம்மாவும் அங்கதான இருக்காங்க."

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். என்னை அழைத்துப் போக வேண்டியவள், தேவையென்றால் தானே வந்துவிடுகிறேன் என்கிறாள். பதினான்கு வருஷம் உழைத்து நிலைத்த இடத்தை விட்டுவிட்டு. எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது.

அன்றைக்கே அந்தப் பதினாறு கடிதங்களையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பத்தான் எனக்குத் தம்பி மாதிரி இருக்கே" என்றாள்.

அடுத்த செவ்வாய் தொலைபேசி மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. மூன்றாம் வாரம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. வழியில் யாரோ பிரித்துப் படித்து, பசை தடவித் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அந்த நாளில் அது சகஜம். உள்ளே நாற்பது கேள்விகள். பர்மிய எழுத்தில், நடுநடுவே தமிழ். மேலே ஒரு வரி: 'இன்டர்வியூவில் கேட்பார்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியணும். நீங்களும் கேளுங்க.'

எந்தக் கறியைக் கண்டால் பிடிக்காது? யாரிடம் கடைசியாக மன்னிப்புக் கேட்டீர்கள்? கோபம் வந்தால் பேசுவீர்களா, பேச மாட்டீர்களா? எனக்கு முன்னால் யாரையாவது நினைத்தீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. நினைத்தேன் என்று எழுதினேன். கல்லூரியில் கூடப் படித்தவள், கல்லூரி மூடிக் கிடந்த காலத்தில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு மாந்தலே போய்விட்டாள், நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று எழுதினேன். அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன். பதிலில் அவள், 'சொல்லாமல் இருந்தது நல்லது. நான் கேட்டேன், எனக்குக் கிடைத்தது' என்று எழுதியிருந்தாள்.

நானும் கேட்டேன். என் முதல் கேள்வி, ஏன் என்னை என்பதுதான். அவள் எழுதினாள்: 'இரண்டாம் தடவை வந்தபோது அம்மாவிடம், உங்க மூக்குல தப்பில்லம்மா, என் கையிலதான் தப்பு என்று சொன்னீர்கள். அப்படி ஒரு வாக்கியத்தை ஒரு ஆம்பளை சொல்லி நான் கேட்டதில்லை.'

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. அவள் காரின் வலப்பக்கக் கண்ணாடி ஏறாது, பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது. நாய் என்றால் நடுங்குவாள் என்று தெரிந்தது. இல்லத்தில் ஒரு கிழவர் அவளைத் தன் மகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், அவள் திருத்துவதில்லை என்று தெரிந்தது. எந்தக் கடிதத்தில் என்று சொல்ல முடியாது, நான் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்று எழுதியிருந்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய் தொலைபேசியில் அவள் குரலில் சிரிப்பு இருந்தது. பதினோரு நாளில் எனக்கு ஒரு மனைவி கிடைத்திருந்தாள். அந்த ஏழு மாதத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

நேர்காணல் தேதி வந்தது. காகித வேலைகளுக்கு அலைந்தேன். வார்டு அலுவலகத்தில் குடும்பப் பட்டியல், போலீஸ் சான்று, நெஞ்சு எக்ஸ்ரே. அடையாள அட்டையில் எனக்குப் பர்மியப் பெயர், ஞானஸ்நானச் சான்றில் தமிழ்ப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் ஒரு உறுதிமொழி வாங்கினேன். கடிதங்களை அக்கா தேதி வாரியாக அடுக்கி நூலால் கட்டிக் கொடுத்தாள். மொத்தம் ஐம்பத்தொன்று.

அன்று மழை. பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி, பெண். பக்கத்தில் பர்மியப் பெண்மணி ஒருவர், மொழிபெயர்ப்பாளர். அதிகாரி போட்டிருந்த கண்ணாடியின் பவர் மைனஸ் மூன்று இருக்கும் என்று என் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதில் கொஞ்சம் படபடப்பு அடங்கியது.

"கல்யாணத்துக்கு முன்னால் எவ்வளவு காலம் பழக்கம்?"

"பத்தொன்பது நாள்."

மொழிபெயர்ப்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வருஷமா, நாளா?" என்று மெல்லக் கேட்டார். நாள்தான் என்றேன்.

கல்யாணப் பேச்சை யார் எடுத்தது? அவள்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் எங்கே வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு எழுவாள், முதல் கல்யாணம் ஏன் முறிந்தது? எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "கடைசியாகப் பெரிதாக எதற்குச் சண்டை போட்டீர்கள்?"

இந்தக் கேள்வி சயாவிடமும் இல்லை, அவளுடைய நாற்பதிலும் இல்லை. வேறு ஏதாவது சின்னச் சண்டையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. ஆனால் அவள் பேசாமல் இருந்த அந்த மூன்று வாரம் என் கண்முன் நின்றது.

"ஒரு ஆள் பேச்சைக் கேட்டு, பழைய தேதி போட்டுப் பொய்க் கடிதம் பதினாறு எழுதினேன். உங்களுக்குக் காட்டத்தான். அவளுக்குத் தெரிந்ததும், அதைக் கொண்டுபோனால் மனுவைத் திருப்பி வாங்கிவிடுவேன் என்றாள். மூன்று வாரம் பேசவில்லை. நான் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்துவிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் உடனே மொழிபெயர்க்கவில்லை. "இதை அப்படியே சொல்லவா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கம்மா."

அவர் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெடுநேரம் எழுதினார். பிறகு, "உண்மையான கடிதம் இருக்கிறதா?" என்றார். கட்டை உள்ளே தள்ளினேன். நடுவிலிருந்து ஒன்றை உருவி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் படித்தார்: 'பொய்க் கடிதத்தில் என்னை நிலவு என்று எழுதியதாகச் சொன்னீர்களே, அந்த ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம்.' படித்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரியும் சிரித்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் வியர்த்துப்போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை வந்து விசாவோடு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் அதிகாரி. அது பர்மியத்தில் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

மழையில் கடைவரைக்கும் ஓடினேன். குடையை விரிக்கத் தோன்றவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். தெருமுனையில் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் விற்கும் மொஹிங்காக்காரியைக் கூப்பிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும், கண் சோதிக்க வந்து காத்திருந்தவர்களுக்கும் சேர்த்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுக்கச் சொன்னார். டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்தவர்களுக்கும் கிண்ணம் போனது. செய்தி கேட்டு அக்கா வந்தாள். ஒரு வாக்கியமும் சொல்ல முடியாமல் என் தலையை முந்தானையால் துவட்டினாள்.

சாயங்காலத்துக்குள் விசா சயாவே கடைக்கு வந்துவிட்டார். "பத்தொன்பது நாளுக்கு எப்படிக் குடுத்தான்? என்ன சொன்னே? எனக்கும் சொல்லு."

"நடந்ததைச் சொன்னேன், சயா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதை எப்படிப்பா நான் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. ஆனாலும் தொலைபேசி அடித்தது. அங்கே விடிந்தும் விடியாத நேரம். அவள் தூங்கியிருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. இந்தத் தடவை பாய் வெளியே போகவில்லை. யாருமே போகவில்லை. கடை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"நீ வர வேண்டாம்" என்றேன். "நான் வர்றேன்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று கேட்க முடியவில்லை. எனக்குப் பின்னால் கைதட்டல் அவ்வளவு பலமாக இருந்தது.