ரிசீவர்மாரை மாற்ற வேண்டுமாம்

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: எங்கள் சூப்பர்வைசர் கெவின், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டேவ், கனடாவிலேயே பிறந்த மனோஜ், நான். இல்லாதவர் ரஞ்சன் அண்ணை. பிந்திவிட்ட லொறிக்காக அவர் பின்வாசலில் காத்து நின்றார். ஸ்காபரோவில் உள்ள எங்கள் வெயார்ஹவுஸில் லொறி வராத நேரம் டீவி பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. திரையில், காலால் உதைக்காத கால்பந்து போய்க்கொண்டிருந்தது. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஃபுட்போல் என்றால் இரு முனையும் கூரான பந்தொன்றைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. அதை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் ரிசீவர்கள். எங்கள் நகரத்து அணி அந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தது. பிழை எறிந்தவனுடையதா, பிடிக்காதவனுடையதா? அதுதான் அறைக்குள் சண்டை.

“குவார்ட்டர்பேக்தான் ட்ராஷ், ப்ரோ. உவன் எறியிற பந்து ஒட்டாவாக்குப் போகுது,” என்றான் மனோஜ்.

கெவின் ஏற்கவில்லை. ஒரு பந்து ரிசீவரின் நெஞ்சில் பட்டுத் தெறித்தபோது மேசையில் ஓங்கி அடித்தார். “இந்த ரிசீவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்! கையில் கொடுத்தாலும் கீழே போடுகிறார்கள்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டார். வேலைக்கு வெளியே ஒரு விஷயத்தில் என் கருத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ட்ரொப் தெம்,” என்றேன். ஒருவரை அணியிலிருந்து நீக்குவதைக் கிரிக்கெட்டில் நாங்கள் அப்படித்தானே சொல்வோம். இங்கே அது பந்தைக் கைநழுவ விடுவது. “அவர்களே போதுமான அளவு ட்ரொப் பண்ணுகிறார்கள்!” என்று டேவ் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக் கெவின் முதுகில் தட்டினார். பகிடி எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தத் தட்டலுக்காக நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கிளிநொச்சியில் மூட்டை தூக்கியவர். வங்கியோ ஆஸ்பத்திரியோ, என்னை முன்னுக்கு விட்டுவிட்டு அவரும் அம்மாவும் பின்னால் நிற்பார்கள். டொக்டர் பேசும்போது டொக்டரைப் பார்க்க மாட்டார்கள், என் வாயைப் பார்ப்பார்கள். நான் சொன்னதுதான் டொக்டர் சொன்னது. ரஞ்சன் அண்ணையும் அப்படித்தான் என்னைப் பார்ப்பார். அவருடைய ஆங்கிலம் வேலைக்குக் காணும், சிரிப்புக்குக் காணாது. ஏஜென்சி மூலம் வந்த அவரை நிரந்தரமாக்குவதாகக் கெவின் சொல்லியிருந்தார். அதை நம்பி, மிசிசாகாவில் மச்சான் தருவதாகச் சொன்ன பேக்கரி வேலைக்குப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைதான் போத்தல் பெட்டியொன்று அவர் கையிலிருந்து விழுந்து உடைந்திருந்தது.

இடைவேளையில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

“உள்ளுக்கு என்ன தம்பி, கெவின் உந்தக் கத்துக் கத்துறார்?”

“ரிசீவர்மாரை மாத்தோணுமாம் அண்ணை.”

“உண்மையாவோ?”

“பின்னை? கையில குடுத்தாலும் விழுத்தினா வேற என்ன செய்யிறது? ரெண்டு பேரையெண்டாலும் நிப்பாட்டுங்கோ எண்டு நானும் சொன்னனான்.”

“நீயுமோ?”

“ஓம்!” என்றேன். முதுகில் அந்தத் தட்டல் இன்னும் சூடாக இருந்தது. அவர் தேத்தண்ணியை வாங்கினார், குடிக்கவில்லை. லொறியில் வரும் சாமான்களை இறக்கிப் பொறுப்பெடுப்பவருக்கும் எங்கள் வெயார்ஹவுஸில் ரிசீவர் என்றுதான் பெயர். ரஞ்சன் அண்ணை ரிசீவர். தினமும் சொல்லும் சொல், அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. “இன்றைக்கு அவரை நிரந்தரமாக்க இருந்தேனே, எங்கே ஆள்?” என்று கெவின் கேட்டார். சனிக்கிழமை பின்வாசலில் நான் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே ஓடிப்போய் ஃபோன் எடுத்தேன்.

“நீங்கள் நிப்பாட்ட முன்னம் நானே நிண்டிட்டன் தம்பி. மச்சானுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஐயோ அண்ணை, அது டீவியில! பந்து பிடிக்கிறவங்களைச் சொன்னது!”

அவர் சிரித்தார், இருமும் வரைக்கும் சிரித்தார். “எட, பந்தோ!”

“வாங்கோ அண்ணை, நான் கெவினோட கதைக்கிறன்.”

“வந்து என்னெண்டு சொல்லுறது? பந்துக்குப் பயந்து ஓடினனான் எண்டோ? மச்சானும் எனக்காண்டி வேற ஒருத்தனை வேண்டாமெண்டு விட்டிட்டான். சொன்னாச் சொன்னதுதான், விடு.”

கெவினிடம் விளக்கினேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் தடுமாறியது. “ஆட்டத்தைப் பார்த்தா வேலையை விட்டார்?” என்று அனுதாபத்தோடு தலையாட்டினார். “அதைப் பார்த்து எனக்கும் வேலையை விடவேண்டும் போலத்தான் இருந்தது.” அடுத்த நாளே ஏஜென்சி புது ஆளை அனுப்பிவிட்டது.

இப்போதும் சனிக்கிழமைகளில் கெவின் எனக்கென்று ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறார். அதில் போய் இருக்க முடிவதில்லை. சாப்பாட்டு அறை வாசலில் நின்றபடி பார்க்கிறேன். புது ரிசீவரும் தமிழர். உள்ளே சத்தம் எழும்பும்போதெல்லாம் பின்வாசலில் இருந்து என் முகத்தைப் பார்க்கிறார். “உது பந்து அண்ணை, வெறும் பந்து,” என்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் உள்ளே அடுத்த சிரிப்பு முடிந்துவிடுகிறது. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. ரஞ்சன் அண்ணை பேக்கரியில் மா குழைக்கிறார், நிரந்தரம் என்ற பேச்சே அங்கே இல்லை. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய மனைவிதான் ஒருநாள் சொன்னார்: வெயார்ஹவுஸில் கிடைத்ததைவிட மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் அறுபது சதம் குறைவு.