லாட்ஜின் வரைபடத்தில் மூன்று கார்கள்

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒற்றை அறையில் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். வீடு அதியன்னூரில். என்னோடு ஐ.டி.ஐ.யில் படித்த பாறசாலைக்காரன் எதிர்ச்சாரியில் அதே வேலைக்குக் கடை போட்டான். முதல் மாதமே அவன் பெஞ்சில் ஆள் நிறைந்துவிட்டது. என் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

ஒருநாள் கடற்கரையிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு மீன்பிடி வள்ளம் சொந்தமாக வைத்திருந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாங்கிய சிறிய இடத்தில் லாட்ஜ் கட்ட வேண்டும் என்றார். லாட்ஜ் என்றால் அறைக் கணக்குக்கு ஏற்ப கார் நிற்கும் இடத்தையும் மனைக்குள்ளேயே காட்ட வேண்டும். சாலையில் விட்டுக்கொள்ளலாம் என்று எழுதினால் நகராட்சியில் அனுமதி கிடையாது. அவர் கேட்ட அறைகளுக்கு மூன்று கார். நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியும் அத்தனை அறையும் மூன்று காரும் சேர்ந்து அடங்கவில்லை. “ரெண்டு முறியைக் கொறைக்கணும்” என்றேன்.

“ரெண்டு முறி போனா பின்னே எனக்கு என்ன உண்டு சாறே?” என்று எழுந்து போனார். நேராக எதிர்ச்சாரிக்குத்தான் போனார்.

அடுத்த மாதம் அனுமதி கிடைத்துவிட்டது. ஓர் அறைகூடக் குறையவில்லை என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பொய்யாக எதையோ வரைந்து ஒப்பேற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் மனசு கொஞ்சம் அடங்கியது.

தூண்கள் எழும்பியதும், வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து டேப்போடு உள்ளே நுழைந்தேன். மெயின் ரோட்டுப் பக்கம் மதிலில் திறப்பு இருந்தது. அதற்கு நேராக ஒரு தூண். தூணுக்கும் சுவருக்கும் நடுவே 2.7 மீட்டர். கார் உள்ளே வந்து திரும்பவே முடியாது! இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அளந்ததில்லை. அன்றே அளவுகளோடு ஒரு மொட்டை மனு எழுதி நகராட்சிக்குத் தபாலில் போட்டேன்.

பத்து நாள் கழித்து நகராட்சி ஓவர்சியர் சோதிக்க வந்தார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். வள்ளக்காரர் வெளிறிப்போய் நின்றார்.  நான் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

பாறசாலைக்காரன் ஸ்டாண்டிலிருந்து ஓர் அம்பாசடர் டாக்சியைக் கூட்டிவந்தான். கார் மெயின் ரோட்டிலிருந்து வரவில்லை. பக்கத்து இடவழிச் சந்தில் புதிதாக வாசல் வைத்திருந்தார்கள்; நான் பார்த்த திறப்பு, மணலும் கல்லும் இறக்குவதற்காக விட்டது. டிரைவர் ரிவர்சில் உள்ளே வந்து தூணுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். வெளியே எடுத்து அடுத்த இடத்தில் விட்டார். மூன்றாவது இடத்திலும் விட்டார். ஓவர்சியர் மனுவை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவன் என் கடைக்கு வந்து மனுவை மேசைமேல் விரித்து, 2.7 என்ற இடத்தில் விரலை வைத்தான்.

“எலே மக்கா, ஏழுக்குக் குறுக்கே கோடு போடுறது நம்ம செட்டில நீ மட்டும் ஆக்கும்.”

நான் மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து நேராக வைத்தேன்.

“நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டேன். பிளானைக் கேட்டிருந்தா காட்டியிருப்பனே. அந்த மனுசன் ஒரு வள்ளத்தை வித்து இதைக் கெட்டுறாரு, தெரியுமா?”

தெரியாது என்றேன். திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு டீ வாங்கித் தந்துவிட்டுப் போனான்.

பிறகு வேலை அதிகமானபோது, அவனால் முடியாததை எனக்கு அனுப்ப ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. வருகிற ஒவ்வொரு தாளிலும், கார் எங்கே நிற்க வேண்டும் என்று பென்சிலால் லேசாகக் குறித்திருப்பான். அதை அழித்துவிட்டு நானாக யோசிப்பேன். சில நாள் பொழுது சாயும்வரை யோசித்துவிட்டு, அவன் குறித்த இடத்திலேயே மையால் வரைவேன்.