இடப்பக்கக் கதவின் திருகாணி

அப்பாவின் காரில் முன்சீட் எனக்கு, பின்சீட் தங்கைக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்தும்போது சத்தம் வந்தால் அப்பா திரும்புவார். சாத்தியது நானாக இருந்தால் ஒரு முறைப்போடு சரி. அவளாக இருந்தால் முதுகில் ஒரு அடி விழும். கதவைச் சாத்தத் தெரியாதவள் என்று வீட்டில் அவளுக்குப் பட்டமே உண்டு.

அப்பாவுக்குப் பிறகு கார் என்னிடம் வந்தது. ஸ்ரீரங்கம் வீட்டின் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே பல வருடங்கள் எலிகள் அதில் குடியிருந்தன. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது போகாமல் அதைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். எஞ்சின், பெயின்ட் இரண்டையும் பட்டறையில் விட்டேன். உள்வேலையை நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

காட்டூரில் மகன் வீட்டில் இருக்கும் தங்கைக்குச் செய்தி போனதும் போன் செய்தாள்.

"அண்ணே, கார் நெசமாவே ஓடுமா?"

"ஓடும் பாப்பா."

"அப்ப ஒரே ஒரு தடவை என்னை முன்சீட்ல உட்கார வச்சு, எங்க தெருவுல கொண்டாந்து இறக்கி விடு. அப்புறம் அதை நீ கண்ணாடிப் பெட்டியில போட்டு வச்சாலும் சரி."

எழுபதை நெருங்கும் பாப்பா. அப்பா வீட்டுச் சொத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

இடப்பக்க முன்கதவின் உட்பக்கத்தை மூடும் அட்டைப்பலகையில்தான் வேலை சிக்கிக்கொண்டது. ரெக்ஸின் ஒட்டிய பலகை அது. அதன் விளிம்பில் சிறு கம்பிக் கிளிப்புகளை மாட்டி, கதவுத் தகரத்தில் உள்ள ஓட்டைகளுக்கு நேராக வைத்து உள்ளங்கையால் தட்ட வேண்டும். கிளிப் உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும். எங்கள் கதவில் பிடிக்கவில்லை. தங்கை பஸ் ஏறி வந்து, ரெக்ஸினை அளவெடுத்து வெட்டி, சுருக்கமில்லாமல் ஒட்டிக் கொடுத்தாள். முக்காலியில் உட்கார்ந்து பலகையைத் தாங்கியும் பிடித்தாள். நான் ஒரு கிளிப்பைத் தட்டி உள்ளே அனுப்பினால், முன்பு போனது டக்கென்று வெளியே வந்து நிற்கும்.

"இது நம்ம அத்தை மாதிரிண்ணே. இந்தப் பக்கம் சமாதானம் பண்ணினா அந்தப் பக்கம் மூஞ்சியைத் தூக்குது."

"பேசாம பிடி."

"பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். கிளிப்பே வேணாம், ஒரு பழைய போர்வையைக் கட்டிவிடு. எனக்கு அது போதும்."

காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. புதுப் பெயின்ட் ஓட்டைகளின் விளிம்பில் தடித்துப் போயிருந்தது. வட்ட அரத்தால் உள்ளே கொஞ்சம் தேய்த்துவிட்டால் கிளிப் போய்விடும். ஆனால் தேய்த்தால் சுற்றிலும் பெயின்ட் உரியும். அந்தப் பளபளப்பைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கைப்பிடிக்குப் பக்கத்து மூலை மட்டும் மிஞ்சியது. தங்கை காபி போட உள்ளே போனாள். நான் டப்பாவில் கிடந்த நீளமான திருகாணி ஒன்றை எடுத்து, ரெக்ஸின் வழியாகவே தகரத்தில் முடுக்கினேன். தலையில் ரெக்ஸின் நிறத்திலேயே பெயின்ட்டைத் தொட்டு வைத்தேன். பலகைக்குப் பின்னால் பூட்டுக்குப் போகும் கம்பி ஓடுகிறது என்று தெரியும். கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், கதவு திறந்தது. பூட்டிப் பார்க்கவில்லை.

"அட, உட்கார்ந்துடுச்சே! எப்படிண்ணே?"

"கொஞ்சம் அழுத்தினேன்."

"வாத்தியார்னா வாத்தியார்தான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பட்டுப்புடவையில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள், அது பிடிக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்று நான்தான் சொன்னேன். மறுபடி சாத்தினாள். சாதாரணச் சத்தம்தான். அப்பா காலத்து வழக்கப்படி உள்கைப்பிடியை முன்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டாள்.

காவிரிப் பாலம் கடக்கும் வரை ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். காந்தி மார்க்கெட் நெரிசலில் வெங்காய வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்கு வயசு அதிகமா, பாட்டிக்கா?"

"ரெண்டும் ஓடுதுப்பா. உன் வண்டிதான் நிக்குது."

அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

காட்டூரில் தெருவே வாசலுக்கு வந்திருந்தது. அவள் மருமகள் ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏற்றி நின்றாள். தங்கை தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நான் இறங்கிப் போய் வெளியிலிருந்து முயன்றேன். பூட்டியது பூட்டியபடியே இருந்தது. கம்பி என் திருகாணியில் ஏறி மாட்டிக்கொண்டது என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"உனக்குக் கதவைச் சாத்தவே தெரியாதா? எத்தனை தடவை சொல்றது?"

அவள் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டது. "ஆமாண்ணே. ரெண்டாவது தடவை வேகமாச் சாத்திட்டேன்."

அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலோடு சீட்டில் நகர்ந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, டிரைவர் பக்கக் கதவு வழியாக வந்தாள். புடவைத் தலைப்பு கியர் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. எதிர்வீட்டில் ஒருவர் செல்போனைத் தூக்கினார். மருமகள் பார்த்த பார்வையில் கீழே இறக்கினார். மருமகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு "மெதுவா அத்தை, மெதுவா" என்று தாங்கிக்கொண்டாள். கற்பூரம் அணைந்திருந்தது. மறுபடி யாரும் ஏற்றவில்லை.

மறுநாள் பலகையைக் கழற்றினேன். நினைத்தபடிதான். திருகாணியை எடுத்தேன், ஓட்டைகளை அரத்தால் தேய்த்தேன். கிளிப்புகள் ஒவ்வொன்றும் உள்ளங்கைத் தட்டலுக்கே போய் உட்கார்ந்தன. உரிந்த பெயின்ட் பலகைக்குப் பின்னால் மறைந்தது. யாரும் பார்க்கப்போகாத இடத்தின் பளபளப்பைத்தான் நான் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் அப்போதே சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். சென்ற மாதம் எடமலைப்பட்டி புதூரில் உறவுக்காரர் வீட்டுத் திருமணம். தங்கை மகனின் காரில் போனோம். அவள் பின்சீட்டில் ஏறி நடுவில் நகர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் கதவை நீயே சாத்திடு."

"அத்தை இப்பல்லாம் எந்தக் கார்லயும் கதவைத் தொடறதே இல்ல மாமா" என்றாள் மருமகள்.

மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவளைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன்.

"பாப்பா, அன்னைக்குக் கதவு உன்னால கெடல. கிளிப் நிக்கலைன்னு நான் ஒரு நீளமான ஸ்க்ரூ போட்டேன். அதுதான் கம்பியில இடிச்சுது. தெரிஞ்சும் உன் மேல பழியைப் போட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விடுண்ணே. என்னைச் சமாதானப்படுத்த ஸ்க்ரூ கதையெல்லாம் சொல்லணுமா?"

"கதை இல்ல. நெசம்."

"நீ எப்பவுமே இப்படித்தான். அப்பா அடிக்கும்போதும் நீதானே குறுக்க வந்து பழியை ஏத்துக்குவ."

நான் ஒரு தடவைகூடக் குறுக்கே வந்ததில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.