டாக்டர் எதிர்ல நொண்டாத கால்கள்

கால் வலின்னு வர்றவங்க யாரும் டாக்டர் எதிர்ல நொண்ட மாட்டாங்க. எங்க தொழில்ல மொத பேஜாரே இதுதான். உங்களுக்கும் குதிகாலோ கணுக்காலோ எதுனா ஒண்ணு மக்கர் பண்ணிக்கினுதான் இருக்கும். நீங்களும் இதத்தான் பண்ணியிருப்பீங்க, இல்லன்னு சொல்லாதீங்க. நான் ஆம்பூர் பஜார்ல ஒரு டாக்டர்கிட்ட கம்பவுண்டர். மருந்து கலக்குறது, கட்டு கட்டுறது எல்லாம் எவன் வேணா பண்ணுவான். ஆனா ஒருத்தர ஒரு தடவ பாத்துட்டு அச்சா அதே மாதிரி நடந்து காட்டணும்னா, என்ன விட்டா ஆளில்ல.

வாசப்படியோட போன நொண்டி

பள்ளிகொண்டாவுலேர்ந்து ஒரு ஜட்கா வண்டிக்காரர் வந்தாரு. வண்டியிலேர்ந்து வாசப்படி வரைக்கும் காலை இழுத்துக்கினு வந்தவரு, செருப்பக் கழட்டுனதும் நொண்டறதையும் அதோடவே வுட்டுட்டாரு. உள்ள கவர்னர் மாதிரி வந்து நின்னாரு. எலும்ப போட்டோ புடிக்கணும்னா மெட்ராஸ் போவணும். எங்க டாக்டர் நடையப் பாத்துதான் எந்த மூட்டுன்னு கண்டுபுடிப்பாரு. நடக்கச் சொன்னா, இவரு போலீஸ் பரேடு நடக்குறாரு.

டாக்டர் என்னக் கூப்ட்டாரு. வண்டிக்கும் வாசப்படிக்கும் நடுவுல இவரு வந்தத நான் அப்படியே நடந்து காட்டுனேன். டாக்டர் நேரா அவரு கணுக்காலப் புடிச்சு ஒரு திருப்பு திருப்புனாரு. தெருவுல நின்ன குதிர கூட திரும்பிப் பாத்துச்சு. இவ்ளோ நேரம் ஏன்யா மறைச்சேன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது:

"பெரியவங்க எதிர்ல நொண்டிக்கினு வந்தா மரியாதையா இருக்குமா சாமி?"

கம்பியில கோத்த காலு

டாக்டர் மேஜ மேல கம்பியில கோத்த பாதத்தெலும்பு ஒண்ணு இருக்கும். நெமிலிப் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு அம்மாவுக்கு அத எடுத்து வெச்சுக்கினு வெளக்குனாரு. ரெண்டு எலும்பு சேர்ற எடத்துல வழவழன்னு குருத்து இருக்கும், அது தேஞ்சுபோனா எலும்பும் எலும்பும் ஒரசும், ஒரசுற எடத்துல முண்டு கெளம்பும், அதான் காலைல எழுந்தா காலு வெறகுக்கட்ட மாதிரி நிக்குதுன்னாரு. அந்தம்மா கன்னத்துல கை வெச்சு பொறுமையா எல்லாம் கேட்டுச்சு. அந்தக் காலை மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்புறம் எழுந்து நின்னு கும்புட்டுச்சு.

"இந்த ஆளுக்குக் குடுத்த மருந்து மட்டும் எனக்கு வேணாம் சாமி."

கடைசி எச்சரிக்க

ஒரு நாள் டாக்டர் வர லேட்டு. வெராண்டாவுல காத்துக்கினு இருந்தவங்களுக்குப் பொழுது போவட்டுமேன்னு ஒரு தோல் வியாபாரியோட நடையப் போட்டுக் காட்டுனேன். எப்பவோ கணுக்கால் ஒடஞ்சு, சேந்த எடத்துல மூட்டு தேஞ்சுபோன மனுசன். காலை ஒரு அரவட்டம் சுத்தித்தான் கீழ வைப்பாரு. எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சாங்க. திடீர்னு நிறுத்திட்டாங்க. திரும்பிப் பாத்தா வியாபாரி நிக்கிறாரு, பக்கத்துல டாக்டரு. வியாபாரி போனப்புறம் டாக்டர் சத்தமே போடல.

"இன்னொரு நோயாளி உன்னப் பத்தி வருத்தப்பட்டா, அவன் நடையிலயே நீ வீட்டுக்குப் போயிடு."

எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. அன்னிக்கிலேர்ந்து நான் என் சொந்த நடையத் தவிர வேற நடக்கல.

காதர் பாய் முட்டி

காதர் பாய் டேனரியில தோல்ல ஒட்டுன சதைய கத்தியால சீவுறவரு. நாளெல்லாம், தோல் விரிச்சுப் போட்ட சாய்மரத்து மேல குனிஞ்சு, குதிகால் தூக்கி, முன்காலை அழுத்திக்கினு நிக்கிற வேல. முட்டி வலிக்குதுன்னு வந்தாரு. டாக்டர் முட்டிய மடக்கிப் பாத்தாரு, ஒண்ணுமில்ல. நடக்கச் சொன்னா மாப்ள மாதிரி நடக்குறாரு. தேய்க்கத் தைலம் குடுத்து அனுப்பவேண்டியதுதான். ஆனா தெனம் ஜன்னல்ல நான் பாக்குற பாய் வேற: கட்டவெரலத் தரையில படவிடாம, பாதத்தோட வெளி ஓரத்துலயே போறவரு.

டாக்டர் என்னப் பாத்தாரு. நான் கூரையப் பாத்தேன். பாய் தைலத்துக்குக் கை நீட்டுறாரு. சரி, வந்தது வரட்டும்னு நடந்தே காட்டிட்டேன், ஜன்னல்லேர்ந்து கதவு வரைக்கும்.

டாக்டர் குனிஞ்சு பாயோட கட்டவெரல மேல மடக்குனாரு. மடங்கல, பாய் அல்லான்னாரு. அடிமூட்டு தேஞ்சு, மேல முண்டு கெளம்பியிருக்கு; வெரலுக்குப் பயந்து ஓரத்துல நடந்து நடந்துதான் முட்டி வலி. தொழுகையில உக்காரும்போது இந்த வெரல் மடங்குதான்னு டாக்டர் கேக்க, பாய் தல குனிஞ்சாரு. காலு போச்சுன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா தோல் காய வைக்க அனுப்பிடுவாரு, கூலி கம்மின்னாரு. வெரல் மடங்காதபடி செருப்புல கெட்டி அடித்தோல் வெச்சுக்கினா வேலயும் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்?

அப்புறம் என் பக்கம் கைய காட்டி, இவன் பண்ணதுல வருத்தம் எதுனா உண்டா பாய்னு கேட்டுட்டாரு. பாய் என் கால்லேர்ந்து தல வரைக்கும் பாத்தாரு.

"எனக்கு இன்னா வருத்தம்? மொதல்ல இவரப் பாருங்க டாக்டர் சாப், பாவம், என்ன விட மோசமா நொண்டுறாரு."

வேல பொழச்சுது, ஆனா அன்னிலேர்ந்து பஜார்ல பாக்குறவங்கல்லாம் காலு எப்படி இருக்குன்னு என்னக் கேக்குறாங்க, நானும் இப்ப தேவலன்னுதான் சொல்லிக்கினு வர்றேன்.