பம்பில் பிழையில்லை

சூசை அண்ணை காலமான செய்தி தொலைபேசியில் வந்தபோது கோவில் கீழ்மண்டபத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், நினைவு மலர்களைத் தொகுக்கும் பத்திநாதன் அண்ணை, அவர் மனைவி றீற்றா அக்கா. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம். போட்ட கை இறங்க முன்னரே பத்திநாதன் அண்ணை சொன்னார்: “பாவம், கடைசியில அந்தாளுக்குக் கை ஓடேல்ல. என்ர காருக்குப் போட்ட தண்ணிப் பம்பும் ஒழுகினதுதானே.”

நான் வாய் திறக்கவில்லை. அதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அதே பேச்சு இப்போது முப்பத்தோராம் நாள் மலரில், ‘கைத்திறன் தளர்ந்தபோதும் தொண்டாற்றினார்’ என்று எழுத்தாகி நிற்கிறது. பிழை பார்க்க என்னிடம் தந்திருக்கிறார்கள். சூசை அண்ணையின் கார் திருத்தும் கராஜை இன்று நடத்துவது அவருடைய மகள். அந்தப் பம்பைப் பூட்டியதும் அவள்தான். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். இந்த வரி யார் தலையில் விழும்?

அவரை அறிந்த கோவில் சனங்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மாசிமாதம், பழுது பார்த்த மறுநாள் எங்கள் வான் வண்டி நின்றுவிட்டது. நாங்கள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜுக்குப் பஸ்ஸில் திருத்தும் சாமான் பையோடு வந்தார். ஒரு குழாயின் கிளிப்பைத் தானே இறுக்காமல் விட்டதைக் கண்டுபிடித்து, நாங்கள் கேட்க முன்னரே சொன்னார். “கை வைச்சவன் முதல்ல தன்ர கையைத்தான் சந்தேகப்பட வேணும்.”

பத்திநாதன் அண்ணையின் காருக்கு வருவோம். முப்பது வயதுக் கார். தூரத்துத் தீவான இல்-பிசாரில் இருப்பவருக்கு அது இல்லாமல் முடியாது. பம்பு மாற்றியதும் ஆசீர்வாதத்துக்குக் கோவிலுக்கு ஓட்டி வந்தார். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே போனார். பத்திநாதன் அண்ணைக்கு அது போதவில்லை. காரின் பொனற்றைத் திறந்து ஒரு போத்தல் தீர்த்தத்தையும் எஞ்சின்மேல் கவிழ்த்தார். போத்தலை எடுத்துக் கொடுத்தவள் நான்.

பிறகு ஸ்ராட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. கராஜுக்குப் போன் எடுத்துக் கத்திவிட்டு, சுவாமியோடு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். சூசை அண்ணை வந்து மகளின் வேலையைத்தான் முதலில் பார்த்தார். பெல்ற், பம்பு, குழாய் எல்லாம் சரி, ஒரு சொட்டு ஒழுக்கில்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீர். என் கையிலிருந்த வெறும் போத்தலைப் பார்த்தார்.

“தீர்த்தத்தில பிழையில்லை, தங்கச்சி. ஊத்தின இடம்தான் பிழை.”

துடைத்துப் பூட்டினார், கார் உடனே பிடித்தது. உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்று நான் சொன்னதற்கு, “சனம் அந்தாளைச் சிரிக்கும், விடு” என்றார். பத்திநாதன் அண்ணை வந்தபோது “உள்ள தண்ணி போயிட்டுது, இப்ப சரி” என்று மட்டும் சொன்னார். தண்ணி என்றதும் பம்புதான் ஒழுகியது என்று முடிவுகட்டினார் இவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. தன்னைச் சிரிப்பிலிருந்து காத்த மனிதனின் பெயரில்தான் இன்று கரி பூசுகிறார். தீர்த்தத்தைக் குறை சொல்வது பாவம் என்று பயந்து நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததுதான் பாவம்.

சூசை அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, என் பிழையை முதலில் சொல்லும் பழக்கம். மேலே சொல்லிவிட்டேன்.

பத்திநாதன் அண்ணை, அந்த வரியை எடுப்பீர்களா, மாட்டீர்களா? மலர் அச்சுக்குப் போக முன் எனக்குப் பதில் தாருங்கள்.