அது வேற கோமெஸ்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சந்தேகப்பட்ட ஆள் ஒரு ஸ்பெயின்காரர். பெயர் பெத்ரோ கோமெஸ். அவரை எங்கள் கும்மிடிப்பூண்டி வீட்டுக்குள் அழைத்து வந்தவர் என் தாய்மாமா. குடும்பத்து ஆட்களைப் பெயர் சொல்லி எழுதுவதில்லை என்பது என் கொள்கை. சொத்து இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆனால் மாமாவின் பெயரை மறைத்தால் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. முனுசாமி.

மாமா சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். ஒருநாள் பழைய பேப்பர் கடையிலிருந்து ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றின் ஒற்றைத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'ஜி' எழுத்து மட்டும். அதனால் எங்கள் வீட்டில் ஜெர்மனியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸ் என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு ஆறாம் வகுப்பில்தான் தெரிந்தது.

சாப்பிடும்போது மாமா அன்றன்று படித்ததைச் சொல்வார். ஒருநாள் கோமெஸ் என்ற கப்பல் தலைவர் புயலில் கப்பலோடு மூழ்கிச் செத்தார். நான் ரசத்தில் கண்ணீர் விட்டேன். மறுநாள் அதே கோமெஸ் அரண்மனையில் உட்கார்ந்து ராணியைப் படம் வரைந்துகொண்டிருந்தார்.

"நேத்துதானே மாமா செத்தாரு?"

"அது வேற கோமெஸ்டா."

அதற்கடுத்த நாள் கோமெஸ் பாதிரியாராகியிருந்தார்.

"இது?"

"இது இன்னொரு கோமெஸ். ஸ்பெயின்ல பேருக்கு அவ்ளோ பஞ்சம்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பெட்ரோமாக்ஸ் எப்ப வருவான்?" என்றார்.

இன்று அந்தப் பெயரைக் கணினியில் தட்டினால், நீங்கள் தேடுவது இவர்களில் யார் என்று அது மரியாதையாகக் கேட்கிறது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. மாமா புளுகுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகு நைட் ஷிப்டு முடிந்து அவர் வந்தால் சட்டையில் இரும்பு வாசனை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். ஒன்பது வயதில் எனக்குப் படிப்பைத் தவிர எல்லாவற்றிலும் கூர்மை.

இந்த நிலையில்தான் ஆரம்பாக்கத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். சுகுணா என்று ஒரே பெண், நெல் விளையும் நிலம். மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதில் அம்மா நொந்திருந்தாள். இதுவும் போனால் ஜாதகத்தைப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் கொடுப்பதில்லை, விசாரித்துக் கொடுப்பார்கள். பெண்ணின் அப்பா கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் விசாரித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. அம்மாவின் முகம் அப்போதே மாறிவிட்டது.

"தப்பா நெனச்சிக்காத நைனா," என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். "முனுசாமின்னு ஒரு பேருதான் கேட்டன். குடிச்சிட்டு மிசினு மேல உயுந்து சஸ்பெண்டு ஆனவனான்னாங்கோ. பொன்னேரியில பொண்டாட்டி, ரெண்டு புள்ள வெச்சிக்கினு கீறவனான்னாங்கோ. ஞாயித்துக்கெயமயானா பழவேற்காட்டுக்குப் போய்க்கினு, எவளோ ஒரு பொண்ணுக்காவ படகாண்ட நிக்கிறவனான்னாங்கோ. இத்தினியும் ஒரே ஆளு எப்படிச் செய்யறான்னு எனக்குப் பேஜாரா பூட்ச்சி."

"அதெல்லாம் வேற முனுசாமிங்க மாமா," என்றார் மாமா. "எங்க கம்பெனியில என்னியும் சேத்து நாலு பேரு கீறோம்."

அதே குரல். அதே முகம். எனக்குப் பொறுக்கவில்லை.

"கோமெஸுக்கும் இதையேதான் சொன்னாரு!"

பெண்ணின் அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யாரு கண்ணு கோமெஸு?"

"கப்பலோட முழுகிச் செத்துட்டாரு. மறுநாளு படம் வரைஞ்சாரு. அப்பால சாமியாரா பூட்டாரு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தாளும் இதே கம்பெனியா?"

மாமா பாய்ந்து போய் 'ஜி' தொகுதியைக் கொண்டுவந்தார். ஒரு பெயரில் பல பேர் இருக்கலாம் என்பதற்கு அச்சிட்ட சாட்சி. பக்கத்தைப் பிரித்து இரண்டு கோமெஸ்களின் படங்களைக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே கூர்தாடி. இரண்டு பேர் கழுத்தையும் சுற்றி இடியாப்பத் தட்டு போல ஒரே காலர்.

"ரெண்டு போட்டோவும் ஒரே ஆளுதானே நைனா?" என்றார் பெண்ணின் அப்பா, வருத்தமாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அம்மா அன்று என்னை அடிக்கக்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

அடுத்த ஞாயிறு நாங்கள் ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினோம். கூடவே இரண்டு முனுசாமிகள். சஸ்பெண்டான முனுசாமி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். ஆனால் அவருக்கு முன்பாகவே அவர் வாசனை இறங்கி நடந்தது. பொன்னேரி முனுசாமி சாட்சிக்கு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். "எம்புருசனுக்கு எவன்டா பொண்ணு பாத்தவன்?" என்று அந்த அம்மாள் வாசலிலேயே சண்டைக்குத் தயாரானாள்.

பெண்ணின் அப்பா எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரித்தார். "இனிஷியல் இன்னா?" ஒருவர் கே என்றார், ஒருவர் எம் என்றார், மாமா வி என்றார். கோமெஸ்களுக்கு இனிஷியல் வைக்காததுதான் ஸ்பெயின் செய்த தப்பு என்று அந்தக் கூடத்தில் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. மாமாவைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று அவர் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"சரி, அந்தப் பழவேற்காட்டு முனுசாமி எங்க?"

மாமா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கெயமயாச்சே மாமா. அவன் இந்நேரம் படகாண்ட நிப்பான்."

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட பெண்ணின் அப்பாதான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, எல்லோருக்கும் காபி போடச் சொன்னார். செத்துப்போன ஸ்பெயின்காரனைக்கூடச் சும்மா விடாத நான், அந்தப் பேச்சை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பினேன்.

திரும்பும் ரயிலில் அப்பா இரண்டு முனுசாமிகளோடு வாசலருகே நின்று பேசிக்கொண்டு வந்தார். மாமா கடல் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நிச்சயமான ஆள் போல இல்லை. தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்தேன். அம்மா அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ பேரு இன்னாடா?" என்று கேட்டாள்.

மாமா முகத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு எப்போதுமே ஞாபகமறதி. "சுகுணா, அம்மா!" என்றேன், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

மாமா ஜன்னலிலிருந்து திரும்பி என் தலையில் கையை வைத்தார்.

"ஆமாண்டா," என்றார். "சுகுணாதான்."